பட்டியலில் யாரைச் சேர்ப்பது? கல்முனையில் இருக்கும் மகளுக்கு

மட்டக்களப்பு

அன்புள்ள மகள்,

வாலிபர் கூட்டத்தில் நீ பேசப்போவதைக் கேள்விப்பட்டதும் சந்தோஷமாக இருந்தது. நீரோ மன்னனில் தொடங்கி 2019இல் குண்டு வெடித்த நம் ஊர்ச் சீயோன் தேவாலயம் வரை கிறிஸ்தவர்கள் பட்ட துன்பங்களை ஒரு பட்டியலாக எழுதித் தரச் சொன்னாய். நீ அனுப்பிய வரைவையும் இரண்டு தரம் வாசித்தேன். ரோமாபுரியில் தொடங்கி, நடுவில் ஆயிரத்துச் சொச்சம் வருடத்தைத் தாண்டிக் குதித்து, கடைசிப் பக்கத்தில் "அவர்கள் நம்மை விடமாட்டார்கள்" என்று முடித்திருக்கிறாய். அந்த "அவர்கள்" யார் என்று நீ எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. நீ இருப்பது கல்முனை, பக்கத்து ஊர் முஸ்லிம்கள் வாழும் சாய்ந்தமருது. கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிடும்.

அந்த வரி உண்மையில்லை, மகள். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உன்னைப் போலப் பேசத் தயாராகும் வேறு பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதால் எல்லாரும் வாசிக்கிற இடத்திலேயே எழுதுகிறேன்.

நீரோவைச் சுருக்கமாகச் சொல். 64ஆம் ஆண்டு ரோம் எரிந்தது, பழி கிறிஸ்தவர்கள் மேல் விழுந்தது, அவர்களைக் கொடூரமாகக் கொன்றான். இது பிள்ளைகளுக்குத் தெரிந்த கதை. அதைவிட 112ஆம் ஆண்டளவில் பித்தினியாவில் ஆளுநராக இருந்த பிளினி, டிராஜன் பேரரசனுக்கு எழுதிய கடிதத்தைச் சொல்லு. பிளினி வெறிபிடித்தவன் இல்லை, படித்த, ஒழுங்கான அதிகாரி. பிடித்து வந்தவர்களிடம் "நீ கிறிஸ்தவனா" என்று மூன்று முறை கேட்டேன், ஆம் என்று நின்றவர்களைக் கொல்ல அனுப்பினேன் என்று அமைதியாக எழுதுகிறான். சபையில் ஊழியம் செய்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்தானாம், மூடநம்பிக்கையைத் தவிர அவர்களிடம் வேறொன்றும் அகப்படவில்லையாம். அந்தப் பெண்களின் பெயரைக்கூட அவன் எழுதவில்லை. டிராஜனின் பதிலில் ஒரு விஷயம் உண்டு: அவர்களைத் தேடிப் போகாதே, மொட்டைக் கடிதங்களை ஏற்காதே, அது நம் காலத்துக்கு அழகில்லை. முகத்தை மூடிக்கொண்டு ஆள் காட்டிக் கொடுத்த தலையாட்டிகளைப் பார்த்த நம் தலைமுறைக்கு அந்த வரி எப்படித் தைக்கும் என்று உன் அம்மாவிடம் கேட்டுப் பார்.

பிறகு தேசியஸ் காலம், 250ஆம் ஆண்டு. பேரரசில் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும், பலியிட்டதற்குச் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கட்டளை வந்தது. அந்தச் சான்றிதழ்கள் சில எகிப்தின் மணலிலிருந்து இன்றைக்கும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. மறுத்துச் செத்தவர்கள் உண்டு. பயந்து பலியிட்டவர்கள் அதைவிட அதிகம். பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கியவர்களும் உண்டு. ஆபத்து நீங்கிய பிறகு இவர்களைத் திரும்பச் சேர்ப்பதா வேண்டாமா என்று சபைக்குள் பெரிய சண்டை வந்தது. கார்த்தேஜ் ஆயர் சிப்ரியன் அந்த நேரம் ஒளிந்துதான் இருந்தார். எட்டு வருடம் கழித்து, 258இல், அதே சிப்ரியன் ஓடாமல் நின்று தலையைக் கொடுத்தார். உன் கூட்டத்தில் இருக்கும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லு. சிங்கத்துக்கு முன் நின்றவர்களை மட்டும் சொன்னால், பயந்தவர்களுக்கு நம்மிடம் இடமில்லை என்று அவர்கள் நினைத்துவிடுவார்கள்.

313இல் கான்ஸ்டன்டைன் காலத்தில் விடுதலை கிடைத்தது என்று எழுதிவிட்டு நீ நேரே 2019க்கு வந்துவிடுகிறாய். இந்த இடைவெளியில்தான் என் மனத்தாங்கல். 385இல் பிரிசிலியன் என்ற ஆயரைக் கிறிஸ்தவ அரசனின் நீதிமன்றமே கொன்றது. விடுதலை கிடைத்து எழுபது வருடத்தைச் சற்றே தாண்டியிருந்தது, அவ்வளவுதான். வாள் கைமாறியிருந்தது.

இனி நம் நாட்டுக்கு வா. 1544இல் மன்னாரில் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் சுமார் 600 பேரைக் கொன்றான். பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவிடம் ஞானஸ்நானம் பெற்ற எளிய சனம். போர்த்துக்கேயரின் மதத்தில் சேர்ந்தவர் போர்த்துக்கேயரின் ஆளாகிவிடுவார் என்று அவன் பயந்தான். பயத்துக்குக் காரணம் இருந்தது, கொலைக்கு நியாயம் இருக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்லு.

பயத்துக்கு என்ன காரணம் என்பதை அடுத்த நூற்றாண்டு காட்டியது. 1620களில் போர்த்துக்கேயர் திருகோணமலையில் கோணேசர் கோயிலை இடித்தார்கள். 1626இல் தங்கள் ஆட்சிக்குட்பட்ட இடங்களிலிருந்து முஸ்லிம்களை விரட்டினார்கள். விரட்டப்பட்டவர்களுக்குக் கண்டி அரசன் செனரத் இடம் கொடுத்தான். அவர்களில் 4,000 பேரளவில் அவன் குடியேற்றியது எங்கே தெரியுமா? நம் மட்டக்களப்புப் பக்கம். உன் கடைசிப் பக்கத்து "அவர்கள்" இந்தக் கரைக்கு வந்த வழிகளில் ஒன்று, சிலுவையைப் பிடித்தவர்கள் துரத்திய வழி. எல்லாரும் அப்படி வந்தவர்கள் இல்லை, அதற்கு முன்பே இங்கே சோனகர் இருந்தார்கள். ஆனால் இதை விட்டுவிட்டு நம் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் ஒல்லாந்தர், சீர்திருத்த சபைக்காரர். நம் கோட்டையை 1638இலேயே போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தவர்கள். 1658இல் கத்தோலிக்கக் குருமாருக்கு இடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று கட்டளை போட்டார்கள். கிறிஸ்தவர் கிறிஸ்தவருக்குப் போட்ட கட்டளை அது. நாங்கள் மெதடிஸ்தக்காரர், சீர்திருத்த சபைகளின் வழியில் வந்தவர்கள், அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். மாந்தையிலிருந்து மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடிய குடும்பங்களால்தான் மடு மாதா கோயில் உண்டானது. 1687இல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகளார் கூலிக்காரன் வேடத்தில் வந்து இறங்கினார். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். செபமாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறதோ அந்த வீட்டார் கத்தோலிக்கர் என்று கண்டுபிடித்தார். பிறகு கண்டிக்குப் போய், ஒற்றன் என்று சிறைப்பட்டு, விடுதலையாகி, 1711இல் கண்டியிலேயே இறந்தார். போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களுக்கும் ஒல்லாந்தர் துரத்திய கத்தோலிக்கருக்கும் அடைக்கலம் கொடுத்தது ஒரு பௌத்த இராச்சியம். இன்றைய நாட்டில் இதை யார் ஞாபகப்படுத்துகிறார்கள்?

ஒல்லாந்தரின் தோம்பு என்ற பதிவேட்டையும் சொல்லு. அவர்கள் ஆண்ட இடங்களில் ஞானஸ்நானமும் கலியாணமும் பள்ளிக்கூடத் தோம்பில் பதிய வேண்டும். தோம்பில் பெயர் இல்லாவிட்டால் முதுசம் வாங்குவதும் உத்தியோகம் பார்ப்பதும் கஷ்டம். அதனால் சைவச் சனம் தோம்பில் கிறிஸ்தவராகப் பெயர் எழுதிவிட்டு வீட்டில் திருநீறு பூசிக் கும்பிட்டது. தேசியஸின் சான்றிதழும் இந்தத் தோம்பும் ஒரே வேலையைத்தான் செய்தன. ஒன்றில் நாம் பயந்து கையெழுத்து வாங்கினோம், மற்றதில் நம் மதத்தின் பெயரால் அடுத்தவனைப் பயமுறுத்திக் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு ஆங்கிலேயன் வந்து அந்த நெருக்கடி தளர்ந்ததும் தோம்புக் கிறிஸ்தவர்கள் வேகமாகக் குறைந்துபோனார்கள்.

சரி, நம் ஊர். இங்கே உன் பட்டியலைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1988 ஜூன் 6ஆம் தேதி புளியந்தீவு மரியன்னை ஆலயத்தில் பங்குத்தந்தை சந்திரா பெர்னாண்டோவைச் சுட்டுக் கொன்றார்கள். 1990 ஓகஸ்ட் 15ஆம் தேதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பிய அமெரிக்க யேசுசபைக் குரு யூஜின் ஹெபர்ட்டும், கூட வந்த பையனும் வந்து சேரவே இல்லை. மைக்கல் கல்லூரியில் கூடைப்பந்து பழகிய ஆண்பிள்ளைகள் இன்றைக்கும் அவரைப் பற்றிப் பேசுவார்கள். 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில், அதே மரியன்னை ஆலயத்துக்குள், நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுடப்பட்டு இறந்தார், அவருடைய மனைவியும் காயப்பட்டார். அந்த வழக்கு 2021இல் ஒருவரும் தண்டிக்கப்படாமல் முடிந்தது.

இவர்களை "விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள்" என்ற தலைப்பின் கீழ் நீ போட்டிருக்கிறாய். என் கருத்து, போடாதே. பரராஜசிங்கத்தை அவருடைய அரசியலுக்காகக் கொன்றார்கள். சந்திரா அடிகளார் சனத்துக்காகப் பேசியவர், அதனால் யாருக்கோ இடைஞ்சலாக இருந்தார். கொன்றவர்களுக்கு ஆலயத்தின் மேல் ஒரு பயமும் இருக்கவில்லை, அது பெரிய பாவம். ஆனாலும் கிறிஸ்தவர் என்பதற்காகக் கொன்றார்கள் என்று சொன்னால், அவர்கள் உண்மையில் எதற்காகச் செத்தார்கள் என்பதை நாமே மறைத்தவர்கள் ஆவோம். அவர்களுக்கு வேறு ஒரு பக்கம் ஒதுக்கு, அதில் 1990 ஓகஸ்ட் 3ஆம் தேதியையும் எழுது. அன்றிரவு காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களையும் சிறுவர்களையும் சுட்டுக் கொன்றார்கள். விடுதலைப் புலிகள் மறுத்தார்கள். ஆனால் யார் செய்தது என்று இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும். கும்பிடுகிற இடத்தில் வைத்துக் கொல்வது 2019இல் நம் ஊருக்கு வந்த புதுப் பழக்கம் இல்லை, மகள்.

சீயோன் பிள்ளைகள் விஷயம் வேறு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. ஞாயிறு பாடசாலை முடிந்து, ஆராதனை தொடங்கும் வரை பிள்ளைகள் வெளியே நின்றார்கள். குண்டோடு வந்தவனை உள்ளே விடாமல் ஒருவர் வாசலில் மறித்து நின்றார். அவர் மறித்திராவிட்டால் உள்ளே இருந்தவர்கள் கதி என்ன என்று நினைக்கவே முடியவில்லை. சுமார் 30 பேர் இறந்தார்கள், அவர்களில் 14 பேர் பிள்ளைகள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், ஹோட்டல்கள் எல்லாம் சேர்த்து நாடு முழுவதும் 260க்கும் மேல். சீயோனில் இறந்தவர்கள் வேதக்கோயிலுக்குப் போனதற்காகவே கொல்லப்பட்டார்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உன் பட்டியலின் முதல் பெயர்களாக இவர்கள் வரட்டும். 2025இல் வத்திக்கான் அந்த நாளில் கொல்லப்பட்ட கத்தோலிக்கர் 167 பேரை விசுவாசத்தின் சாட்சிகளாகப் பதிவு செய்தது. சீயோன் பிள்ளைகள் கத்தோலிக்கர் இல்லை, அவர்கள் அதில் வரமாட்டார்கள். அவர்கள் பெயரைச் சொல்லி ஜெபிக்க வேண்டியவர்கள் நாம்தான்.

இனி அந்த "அவர்கள்". குண்டு வைத்த கூட்டத்தின் தலைவன் சஹ்ரான் காத்தான்குடிக்காரன். அவனுடைய கூட்டம் முதலில் அடித்தது முஸ்லிம்களைத்தான்: 2017 மார்ச்சில், சூஃபி வழியில் இருந்தவர்களை, அதே காத்தான்குடியில். அவனைப் பற்றி அதிகாரிகளிடம் முறையிட்டவர்களும் அந்த ஊர் முஸ்லிம்களே. குண்டு வெடித்து ஐந்தாம் நாள், சாய்ந்தமருதில் அவன் குடும்பம் ஒளிந்திருந்த வீட்டைப் பற்றித் தகவல் கொடுத்ததும் அந்த ஊர்ச் சனம். மறுபுறம், இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தும் கையைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் யார்? 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், குண்டு வெடித்தபோது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பொலிஸ், உளவுத்துறைத் தலைவர்களுக்கும் தனித்தனியாகத் தொகை விதித்தது. நமக்காக என்று சொல்லி 2019 மே மாதம் குருநாகல், மினுவாங்கொடைப் பக்கம் முஸ்லிம் கடைகளையும் பள்ளிவாசல்களையும் அடித்து நொறுக்கியவர்களும் நம் ஆட்கள் இல்லை. நம் பிள்ளைகளின் சாவை வைத்து அவர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டார்கள்.

உலக விஷயமும் கேட்டிருந்தாய். வட கொரியாவையும் நைஜீரியாவையும் எழுது. 2015இல் லிபியக் கடற்கரையில் தலை வெட்டப்பட்ட 21 பேரைக் கட்டாயம் எழுது: 20 பேர் எகிப்திலிருந்து வேலை தேடிப் போன ஏழைக் கொப்திக் கிறிஸ்தவர்கள், ஒருவர் கானா நாட்டவர். ஒடிசாவில் 1999இல் கிரகாம் ஸ்டெயின்ஸும் இரண்டு மகன்மாரும் ஜீப்புக்குள் எரிக்கப்பட்டதையும், 2008இல் கந்தமாலில் கிறிஸ்தவர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தையும் எழுது. உலகத்தில் 38 கோடிக் கிறிஸ்தவர்கள் துன்புறுகிறார்கள் என்று ஓப்பன் டோர்ஸ் அமைப்பு 2025இல் சொன்னது. அதைச் சொன்னால், கொலையிலிருந்து ஒதுக்கிவைப்பது வரை எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லு. பெரிய எண்ணைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம்.

நம் நாட்டில் இன்றைக்கு நடப்பது சத்தமில்லாத நெருக்கடி. வழிபாட்டிடம் கட்ட அனுமதி வேண்டும் என்று 2008இல் வந்த சுற்றுநிருபத்தைக் காட்டி, சின்னச் சபைகளின் வீட்டு ஜெபங்களை நிறுத்தச் சொல்கிறார்கள். சிங்கள ஊரில் பிக்குமார், தமிழ் ஊரில் நம் சொந்தச் சைவ உறவுகள். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை விரும்பிய மதத்தை நம்பும் சுதந்திரத்தை எல்லாருக்கும் தருகிறது, அதை மனப்பாடமாகவே சொல்லு. அதே நேரம், கோயில் திருவிழா நடக்கும் ஊரில் ஒலிபெருக்கி கட்டி அம்மாளைப் பேய் என்று கத்தும் ஊழியக்காரருக்காக என்னால் பரிந்து பேச முடியாது. பக்கத்து வீட்டாருக்கு நோகும், அவர்கள் கோபப்பட்டால் அதை உபத்திரவம் என்று எழுதக் கூடாது.

இரண்டு வேண்டுகோள். சீயோனின் படங்களைத் திரையில் போடாதே, காயப்பட்ட பிள்ளைகள் இன்று உன் வாலிபர்களின் வயதுதான், அவர்களில் யாராவது கூட்டத்தில் இருக்கலாம். இறந்த பிள்ளைகளின் பெயரை வாசிக்க விரும்பினால் பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு வாசி. அவர்களில் சிலரை எனக்குத் தெரியும், நானே உன்னைக் கூட்டிப் போகிறேன்.

பேச்சு நாற்பது நிமிடத்தில் அடங்காது, ஒல்லாந்தர் பகுதியைக் குறைத்தாலும் தோம்பை விட்டுவிடாதே. கடைசிப் பக்கத்தைத் திருத்தி எழுதியதும் அனுப்பு, ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் பார்த்துத் தருகிறேன். அம்மாவைச் சுகம் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
பெரியம்மா