டைட்டானியம் சைக்கிள்: உறுதி வேறு, விறைப்பு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழில் பந்தய சைக்கிள்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நம் பத்திரிகைகளில் இந்த விஷயத்தை யாரும் அதிகம் எழுதுவதில்லை. எழுதியதற்கு நன்றி. ஆனால் டைட்டானியம் எஃகைவிட விறைப்பானது என்றும், அந்த உலோகமே சாலையின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் என்றும் அதில் இருந்தது. இரண்டும் சரியல்ல.

அன்று சாயங்காலமே எதிர்வீட்டுப் பெண் அந்தப் பக்கத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வேலைக்குப் போய் இரண்டு வருடமாக 9,000 மலேசிய வெள்ளி (ரிங்கிட்) சேர்த்து வைத்திருக்கிறாள். "அங்கிள், டைட்டானியம் வாங்கினா ரோட்டுல குழியே தெரியாதாமே?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே மற்ற பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நான் பினாங்கின் பிறை வட்டாரத்தில் 26 வருடம் ஆர்கன் வெல்டிங் (ஆர்கன் வாயுவால் காற்றைத் தடுத்துப் பற்றவைப்பது) செய்தவன். ரசாயன ஆலைகளுக்குப் போகும் டைட்டானியக் குழாய்களைப் பற்றவைப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. 2014 முதல் டைட்டானியம் ரோட் பைக் (தார்ச்சாலையில் வேகமாகப் போகும் சைக்கிள்) ஓட்டுகிறேன். இந்த உலோகத்தைக் கையாலும் தெரியும், காலாலும் தெரியும்.

உறுதி வேறு, விறைப்பு வேறு. எவ்வளவு பாரத்தில் உடையும் என்பது உறுதி. எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு வளையும் என்பது விறைப்பு. டைட்டானியம் உறுதியில் நல்ல எஃகோடு போட்டி போடும். விறைப்பில் எஃகுக்குப் பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். எடையும் அதே கணக்கு: ஒரு கன செ.மீ. எஃகு 7.8 கிராம், டைட்டானியம் 4.5 கிராம். அப்படியானால் எஃகு சைக்கிளின் அதே அளவுக் குழாயை டைட்டானியத்தில் செய்தால் என்ன ஆகும்? எடை குறையும், ஆனால் எழுந்து நின்று மிதிக்கும்போது பிரேம் தொளதொளவென்று இருக்கும். 1970களில் வந்த டெலிடைன் டைட்டன் சைக்கிளைப் பற்றிச் சொன்ன குறையே இதுதான். போதாக்குறைக்கு அதில் போட்டது கலப்பில்லாத டைட்டானியம். இப்போது நல்ல பிரேம்களில் போடுவது 3 சதவீதம் அலுமினியமும் 2.5 சதவீதம் வனேடியமும் கலந்தது. விமானங்களின் ஹைட்ராலிக் குழாய்களுக்காக வந்த கலவை அது.

பிறகு எப்படிச் சரி செய்தார்கள்? குழாயைப் பருமனாக்கினார்கள். சுவரின் தடிப்பு மாறாமல் குழாயின் விட்டத்தைக் கூட்டினால் விறைப்பு கன மடங்கில் ஏறும், அதாவது விட்டம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. பழைய எஃகு சைக்கிளின் கீழ்க்குழாய் (ஹேண்டில்பார் பக்கமிருந்து பெடல் பக்கம் இறங்குவது) 28.6 மி.மீ. அதை டைட்டானியத்தில் 34.9 மி.மீ. ஆக்கினால் எஃகின் விறைப்பு ஏறக்குறைய அப்படியே திரும்பி வந்துவிடும், எடையோ எழுபது சதவீதம்தான். என் சைக்கிளில் கீழ்க்குழாய் பருமன், மேல்குழாய் அதைவிட மெலிது, சீட்டிலிருந்து பின் சக்கரத்துக்கு இறங்கும் இரண்டு குழாய்களும் விரல் பருமன்தான். மிதிக்கிற பலம் போகிற வழியில் விறைப்பு, மற்ற இடத்தில் இளக்கம். வடிவமைத்தவர் யோசித்து எடுத்த முடிவு அது. அதே உலோகத்தில் முரட்டு சைக்கிளும் செய்யலாம், சொகுசு சைக்கிளும் செய்யலாம்.

அந்தப் பெண்ணுக்கு இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அவளும் என் உயரம்தான். அதனால் மறுநாள் காலை என் சைக்கிளையே கொடுத்தேன். குளுகோரில் எங்கள் வீட்டுப் பக்கம் தோண்டித் தோண்டி ஒட்டுப்போட்ட தார் ரோடு ஒன்று இருக்கிறது. 25 மி.மீ. டயரில் 100 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்றோடு ஒரு சுற்று அனுப்பினேன். கையை உதறிக்கொண்டே வந்தாள். அப்புறம் 28 மி.மீ. டயர் மாட்டி, 70 பிஎஸ்ஐ வைத்து அனுப்பினேன். "இது வேற சைக்கிள் மாதிரி இருக்கு அங்கிள்" என்றாள். பிரேம் அதேதான். டயர் மில்லிமீட்டர் கணக்கில் அமுங்குகிறது. முக்கோணமாகப் பற்றவைத்த பிரேம் மேலும் கீழும் அசைவது அதில் மிகச் சிறு பங்கு. கைக்கு வரும் அதிர்ச்சியோ முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் வழியாக வருகிறது, டைட்டானியம் பைக்குகளில் பெரும்பாலும் அது கார்பன்! ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தப் பிரேமில் 28 அல்லது 30 மி.மீ. டயர் நுழையுமா என்பதுதான்.

சரி, அப்படியானால் டைட்டானியத்துக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? என் பதில் பினாங்கின் கடல்காற்று. மாதத்தில் இரண்டு ஞாயிறு தீவைச் சுற்றுகிறேன். விடியுமுன் கிளம்பி பாயான் லெப்பாஸ், தெலோக் கும்பார், பாலேக் பூலாவ், தித்தி கெராவாங் ஏற்றம், அங்கிருந்து தெலோக் பஹாங் அணைக்கட்டுக்கு இறக்கம், பிறகு கடலோரமாக பத்து பெரிங்கி. எழுபது கிலோமீட்டர். பாதி வழியில் மழை, மீதி வழியில் வியர்வை. இதற்கு முன் வைத்திருந்த எஃகு சைக்கிள் ஐந்து வருடத்தில் பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் இடம்) பக்கம் உள்ளிருந்தே துருப்பிடித்துப் போனது. டைட்டானியத்துக்குத் துரு இல்லை, பெயிண்ட் தேவையில்லை, கீறினால் தேய்த்துவிடலாம். அந்த அணைக்கட்டு இறக்கத்தில் ஈரச் சாலையிலும் வண்டி கோடு போட்டதுபோல் இறங்கும். அதற்குக் காரணம் தலைக்குழாயின் (ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபோர்க் திரும்பும் குழாய்) சாய்வும் சக்கரங்களுக்கு இடையிலான நீளமும். ஆனால் பத்து வருடம் கழித்தும் அந்த அளவுகள் துளியும் மாறாமல் இருப்பது உலோகத்தின் குணம். எனக்கு அது பெரிய விஷயம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அலுமினிய சீட் போஸ்டை (சீட்டைத் தாங்கும் குழாய்) மசகு எதுவும் தடவாமல் டைட்டானியப் பிரேமுக்குள் இறக்கக்கூடாது. வியர்வை உப்பு இறங்கினால் இரண்டுக்கும் நடுவே மின் அரிப்பு நடக்கும், அரிபடுவது அலுமினியம். என் பிரேமில் ஒரு கடைக்காரர் அப்படி மாட்டிக் கொடுத்துவிட்டார். அதைக் கழற்ற எனக்கு இரண்டு நாள் ஆனது. ஆன்டி-சீஸ் (உலோகங்கள் ஒட்டிப் பிடிக்காமல் தடுக்கும் மசகு) தடவி, வருடத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்தால் போதும்.

வெல்டிங் பற்றிச் சொல்லாமல் முடித்தால் என் தொழிலுக்குத் துரோகம். சூடான டைட்டானியம் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சி நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். அதனால் வெளியே மட்டுமல்ல, குழாய்க்குள்ளும் ஆர்கன் ஓட வேண்டும், சூடு ஆறும் வரை ஓட வேண்டும். ஒட்டு வெள்ளி நிறமாகவோ வைக்கோல் நிறமாகவோ இருந்தால் நல்ல வேலை. நீலம் சந்தேகம். சாம்பலாகப் பூத்திருந்தால் தொடவே வேண்டாம். வெளி ஒட்டைப் பிரஷ் போட்டு மினுக்கிவிடலாம், உள்ளே அப்படிச் செய்வது கஷ்டம். சீட் போஸ்டைக் கழற்றிவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

எடையைப் பற்றி அந்தக் கட்டுரை நிறையப் பேசியது. பந்தயத்திலேயே 6.8 கிலோவுக்குக் கீழே போகக்கூடாது என்று சர்வதேச சைக்கிள் சங்கம் 2000-இல் விதி வைத்துவிட்டது. என்னுடையது 8 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. தித்தி கெராவாங்கில் என்னைத் தாண்டிப் போகிற பிள்ளைகளில் சிலர் என்னுடையதைவிடக் கனமான சைக்கிளில்தான் போகிறார்கள்.

விறைப்பு பற்றிய அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். எதிர்வீட்டுப் பெண் இந்தச் சனிக்கிழமை பட்டர்வொர்த்தில் பழைய டைட்டானியப் பிரேம் ஒன்றைப் பார்க்கப் போகிறாள். டார்ச்சோடு நானும் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வெல்டர்,
குளுகோர், பினாங்கு