பசித்தவர்கள் எழவில்லை

ஆசிரியருக்கு,

எத்தியோப்பியப் புரட்சி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, வொல்லோ மாகாணப் பஞ்சத்தை நெஞ்சு பதறும்படி விவரித்திருந்தது. ஆனால், பசித்த மக்கள் பொங்கி எழுந்து பேரரசர் ஹைலே செலாசியை விரட்டினார்கள் என்று அதை முடித்திருப்பதை ஏற்க முடியவில்லை. வொல்லோவில் பட்டினி கிடந்த குடியானவர்களுக்கு எழுந்து நிற்கவே தெம்பில்லை. பல்லாயிரக்கணக்கானோர் சாலையோரங்களில் மடிந்தார்கள். 1974-இல் எழுந்தவர்கள் வேறு ஆட்கள்.

அந்த ஆண்டு ஜனவரியில், தெற்கே நெகெலே முகாமில் சிப்பாய்களின் தண்ணீர்க் குழாய் பழுதானது. அதிகாரிகள் தங்கள் கிணற்றைத் தொட விடவில்லை. ஆத்திரமடைந்த சிப்பாய்கள், விசாரிக்க வந்த தளபதியைப் பிடித்துவைத்து, தாங்கள் தின்னும் சோற்றையே அவரையும் தின்னச் செய்தார்கள். பிப்ரவரியில் பெட்ரோல் விலை உயர்வை எதிர்த்து அடிஸ் அபாபா டாக்சி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கல்விச் சீர்திருத்தத் திட்டத்தை எதிர்த்து ஆசிரியர்களும் இறங்கினர். மாதம் முடிவதற்குள் பிரதமர் அக்லிலு ஹப்தே-வோல்டின் அமைச்சரவை விலகிவிட்டது.

சிப்பாய், ஆசிரியர், மாணவர் எல்லோருமே பேரரசரின் நவீனமயமாக்கலில் பிறந்த வர்க்கம்தான். தன் அரண்மனையையே பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தவர் அவர். அங்கே படித்த மாணவர்கள்தான் 1965-இலேயே ‘உழுபவனுக்கே நிலம்’ என்று முழங்கித் தெருவுக்கு வந்தார்கள். படிப்பைத் தந்தார், பேச இடம் தரவில்லை. 1955 அரசியலமைப்பின்கீழ் தேர்தல் நடந்தது, ஆனால் கட்சிகளே கிடையாது. மேலவை உறுப்பினர்களைப் பேரரசரே நியமித்தார். குறையைச் சொல்ல வழியில்லாத நாட்டில், துப்பாக்கி வைத்திருந்தவர்களின் குரல்தான் கடைசியில் எடுபட்டது.

நிலப் பிரச்சினையைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது பெரிய குறை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டாம் மெனலிக் வென்ற தென்பகுதிகளில், நிலம் படைவீரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் பிரபுக்களுக்கும் போயிற்று. காலங்காலமாக உழுதவர்கள் குத்தகைதாரர்களாகி, பல இடங்களில் விளைச்சலில் பாதியையோ அதற்கு மேலோ அளக்க வேண்டியிருந்தது. குத்தகைச் சீர்திருத்த மசோதாக்கள் நாடாளுமன்றத்தைத் தாண்டவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் நிலக்கிழார்கள் என்பதைப் பார்த்தால் ஆச்சரியமில்லை.

பஞ்சத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. அரசு அதை மூடி மறைத்ததுதான் பேரரசரின் மதிப்பைக் குலைத்தது. அதை, ஆட்சியைக் கைப்பற்றிய ராணுவக் குழுவான தெர்க் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. பிரிட்டிஷ் தொலைக்காட்சிக் குழு படமாக்கிய பஞ்சக் காட்சிகளோடு அரண்மனை விருந்துக் காட்சிகளையும் சேர்த்து, செப்டம்பர் 11 இரவு ஒளிபரப்பினார்கள். மறுநாள் பேரரசரைப் பதவியிலிருந்து இறக்கி, சிறிய ஃபோக்ஸ்வாகன் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

1975 மார்ச்சில் கிராமப்புற நிலம் முழுவதையும் தெர்க் அரசுடைமையாக்கிக் குத்தகை முறையை ஒழித்தது. தெற்கே அதற்குக் கிடைத்த வரவேற்பைப் பற்றியும், அதே மாணவர்களைத் தெர்க் பின்னர் வேட்டையாடியது பற்றியும் கட்டுரையாளரை ஒரு தொடர்ச்சி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்