பட்டறை அண்ணனுக்கும், டியூப் தந்த தம்பிக்கும்

பாபநாசத்துச் சொந்தங்களுக்கு,

வீடு வந்து சேர்ந்துவிட்டோம். வழியெல்லாம் மழை. எங்கள் வண்டியின் கூண்டுக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. அப்பாவின் மெத்தையைத் தடவிப் பார்த்துவிட்டு அந்தக் கையோடு எழுதுகிறேன்.

அன்றைக்கு ராத்திரி வண்டிக் கூரையின் கேரியர் பிய்ந்து, சோலார் பேனல் ரோட்டில் விழுந்தது உங்களுக்கே தெரியும். சோலார் பேனலை ரோட்டிலிருந்து தூக்கி வந்த ஆட்டோக்கார அண்ணன்கள், காசு வாங்காமல் அப்பாவுக்கு இட்லி கொடுத்த டீக்கடை அக்கா, டார்ச் பிடித்து நின்றவர்கள், எல்லாருக்கும் எங்கள் நன்றி.

பழைய கேரியரின் கால்களைக் கூரையின் வெறும் அலுமினியத் தகட்டில் முடுக்கியிருந்தார்கள். பட்டறை அண்ணன் கூரைமேல் குப்புறப் படுத்து, காந்தத்தை நகர்த்தி நகர்த்தி, தகட்டுக்கு அடியில் இரும்புச் சட்டம் ஓடும் இடங்களைச் சாக்பீஸால் குறித்தார். சதுரக் குழாயில் புதுக் கேரியர், எட்டுக் கால், எல்லாம் சட்டத்தின் மேலேயே. தண்ணீர்த் தொட்டியை மட்டும் மேலே ஏற்ற விடவில்லை. "நூறு லிட்டர்னா நூறு கிலோ சார். திருப்பத்துல வண்டிய சாய்ச்சிரும், கீழ வைங்க."

அப்புறம் வேலை நின்றுபோனது. இரும்புக் காலும் அலுமினியத் தகடும் நேராகத் தொட்டால் வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றில் அரித்துவிடும், போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீரும் இறங்கும். நடுவில் ரப்பர் வேண்டும். மணி பத்து, கடை ஒன்றும் இல்லை.

கேட்டுக்கொண்டிருந்த அண்ணனின் மகன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வரும்போது தோளில் காற்றடித்த லாரி டியூப். இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டது. ஆடிப்பெருக்கன்று குடமுருட்டி ஆற்றில் மிதப்பதற்காக, ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்ததிலிருந்தே பத்திரமாக வைத்திருந்தானாம். யாரும் கேட்கவில்லை. அவனே வால்வைப் பிடுங்கினான். காற்று முழுக்கப் போகும்வரை டியூபை நெஞ்சோடு அணைத்து அமுக்கிக்கொண்டே நின்றான். அண்ணன் அவன் முகத்தை ஒருமுறை பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கத்திரியை எடுத்தார். எட்டுத் துண்டுக்கும் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தது தம்பிதான்.

அப்பா அதிகம் பேசமாட்டார். இன்று காலையில் காபியைக் கையில் வாங்கியதும், "அந்தப் பையன் இப்ப எதுல மிதப்பான்?" என்றார். எனக்கும் ராத்திரியெல்லாம் அதே நினைப்புதான்.

தம்பி, ஆடி 17 சாயங்காலமே வந்துவிடுவேன். ஒட்டுப் போடாத டியூபாகக் கொண்டு வருகிறேன். காற்று நீயே அடித்துக்கொள்.