செயலாளரின் ஆண்டறிக்கை: மீட்பு வண்டிக்குக் கருவிகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிலைய அலுவலர் அவர்களுக்கும், தீயணைப்புத் துணைவர் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் நேராக வண்டி விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டு நம் பொழுதெல்லாம் அதிலேதான் போனது.

நகரம் வளர வளர நிலையத்துக்கு வரும் அழைப்புகளின் முகமும் மாறிவிட்டது. நசுங்கிய கார், நின்றுபோன லிப்ட், கழிவுநீர்த் தொட்டி என்று தினம் ஒன்று. எல்லாவற்றுக்கும் கருவி வேண்டும் என்று பட்டியல் போட்டோம். பட்டியலைப் போட்டவர்களில் ஒருவர்கூட எடையைக் கூட்டிப் பார்க்கவில்லை, என்னையும் சேர்த்து. எடைமேடையில் ஏற்றியபோது, ஆட்கள் ஏறுவதற்கு முன்பே அனுமதித்த எடையைத் தொட்டுவிட்டோம். போதாக்குறைக்கு வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. பாதிப் பட்டியலை அங்கேயே அடித்தோம்.

நசுங்கிய காரை வெட்டித் திறக்கும் பழைய கட்டரை மாற்றியே ஆக வேண்டியிருந்தது. இன்றைய கார்களின் கதவுத் தூண்களில் போரான் கலந்த எஃகு. பழைய வாய் அதைக் கடிக்கத் திணறுகிறது. புதியது பேட்டரியில் ஓடுவது. குழாய் இழுக்க வேண்டாம், பம்பைக் கிளப்ப வேண்டாம். ஆனால் தூணில் கை வைக்குமுன் அதன் உள்பக்க உறையைப் பிய்த்துப் பார்த்தே ஆக வேண்டும். ஏர்பேக்கின் வாயுக்குப்பி உள்ளே இருந்தால் அதை வெட்டிவிடக் கூடாது.

மரக்கட்டைகளுக்கு வண்டியில் ஒரு முழு அறையா என்று சிலர் சிரித்தார்கள். பாரத்துக்கு அடியில் வைத்துக் காற்றடைக்கும் தூக்குப்பை 8 பார் அழுத்தத்தில் லாரியையே தூக்கும், சரி. பை நழுவினால்? ஒரு அங்குலம் தூக்கினால் ஒரு அங்குலத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். அப்போதுதான் அடியில் கிடப்பவருக்கு உயிர் உத்தரவாதம். அறையை விட்டுக்கொடுக்கவில்லை.

இரவுப் பயிற்சி ஒன்றில் கட்டர் மேல்தட்டில் இருந்தது. நம்மில் குட்டையானவர் படியில் ஏறி இழுத்தார். ஏறக்குறைய 20 கிலோ, அப்படியே அவர் மார்பில் வந்து விழுந்தது. நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று. மறுநாளே கனமானவற்றை இடுப்பு உயரத்துக்கு இறக்கி, இழுக்கும் தட்டில் வைத்தோம். ஒவ்வொன்றின் வடிவத்தையும் தட்டில் வரைந்துவிட்டோம். எது திரும்பி வரவில்லை என்று இருட்டிலும் டார்ச் அடித்தால் தெரியும்.

ஒரு குறை, என்னுடையது. தொட்டிக்குள் இறங்குமுன் ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு, எரிவாயு ஆகியவற்றைப் பார்க்கும் அளவி வந்துவிட்டது. அதைச் சரிபார்க்கும் சோதனை வாயு உருளையைக் கேட்க மறந்துவிட்டேன். சரிபார்க்காத அளவியை நம்பி யாரையும் இறக்க முடியாது. உருளை வரும்வரை அது அலமாரியில்தான்.

அப்புறம், பின்பக்கம் ஓர் அறை வேண்டுமென்றே காலியாக விடப்பட்டுள்ளது. அடுத்து வரும் கருவிக்காக. தயவுசெய்து யாரும் அதில் குடையையும் சாப்பாட்டுப் பையையும் வைக்க வேண்டாம்.