'தனிப்பட்ட கருத்து' என்ற ஒற்றை வரி போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அரசின் வெளியுறவுக் கொள்கைக்கு மாறாகப் பொதுமேடையில் பேசிவிடும் உயர் அதிகாரிகளைப் பற்றிய தங்கள் தலையங்கம், 'அவர் சொன்னதில் பொய் என்ன இருக்கிறது?' என்று கேட்டு முடிகிறது. உள்நாட்டு வாசகருக்கு அது நியாயமான கேள்வி. ஆனால் பாதிக்கப்பட்ட நாட்டின் வெளியுறவு அமைச்சகத்தில் அந்தக் காணொளியைப் பார்ப்பவர் கேட்பது வேறு. 'இதுவரை எழுத்தில் கொடுத்ததை நம்புவதா, இவர் வாய்விட்டுச் சொன்னதை நம்புவதா?' தூதரக நெருக்கடி முழுவதும் இந்த ஐயத்திலிருந்துதான் கிளம்புகிறது.

2022 ஜனவரி 21 அன்று ஜெர்மன் கடற்படைத் தலைவர் ஷோன்பாக் புதுடெல்லியில் ஓர் ஆய்வு நிறுவனக் கூட்டத்தில் பேசினார். 2014இல் ரஷ்யா தன்னோடு இணைத்துக்கொண்ட உக்ரைன் பகுதியான கிரிமியா போய்விட்டது, இனித் திரும்பாது என்றார். புதின் விரும்புவது மரியாதை, அதைக் கொடுத்துவிடலாம் என்றும் சொன்னார். மறுநாளே உக்ரைன் ஜெர்மன் தூதரை வரவழைத்துக் கண்டித்தது. அன்று இரவுக்குள் ஷோன்பாக் பதவி விலகினார். கிரிமியா இணைப்பை ஏற்பதில்லை என்பது 2014 முதல் ஜெர்மனியின் நிலைப்பாடு. ஆனால் எல்லையில் சுமார் ஒரு லட்சம் ரஷ்யப் படையினர் நின்ற அந்த நாட்களில் உக்ரைனுக்கு ஆயுதம் தர பெர்லின் மறுத்துக்கொண்டிருந்தது. 'இவர்கள் உள்ளுக்குள் நினைப்பதே இதுதான்' என்று உக்ரைன் தலைநகர் கீவ் ஏற்கெனவே சந்தேகித்ததற்கு அந்தப் பேச்சு சாட்சியாகிவிட்டது. சில நாளில் ஜெர்மனி அறிவித்த 5,000 தலைக்கவசங்களைக் கீவ் மேயர் கேலிக்கூத்து என்றார். அந்தப் பேச்சு இல்லாவிட்டாலும் அவர் அப்படிச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரே வாரத்தில் இரண்டும் சேர்ந்ததால் புண் ஆறவே வாய்ப்பில்லாமல் போயிற்று.

சட்டப்படி பார்த்தால், ஒரு கடற்படைத் தலைவரின் சொல் நாட்டைக் கட்டுப்படுத்தாது. நாட்டுத் தலைவர், அரசாங்கத் தலைவர், வெளியுறவு அமைச்சர் ஆகிய மூவருக்கும் பதவியின் பேரிலேயே அந்த அதிகாரம் உண்டு என்று ஐ.நா.வின் பன்னாட்டுச் சட்ட ஆணையம் 2006இல் வகுத்த வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. 1974இல் அணுகுண்டுச் சோதனை வழக்கில் பிரான்சின் அதிபரும் அமைச்சர்களும் வெளிப்படையாகச் சொன்னதையே பன்னாட்டு நீதிமன்றம் அந்த நாட்டைக் கட்டுப்படுத்தும் உறுதிமொழியாக எடுத்துக்கொண்டது. 'சட்டப்படி கட்டுப்படுத்தாது, ஆகவே கெடுதலில்லை' என்று சிலர் வாதிடுவதை ஏற்க முடியவில்லை. பேச்சுவார்த்தை மேசையில் எதிர்த்தரப்பு எடுத்து வைப்பது பழைய செய்தி நறுக்குகளைத்தான்.

திருத்தம் எப்படிச் செய்வது என்பதில்தான் பெரும்பாலான அரசுகள் தவறுகின்றன. முதல் சில மணி நேரத்திலேயே, பாதிக்கப்பட்ட நாட்டிலுள்ள தூதர் தாமாகவே அங்குள்ள அமைச்சகத்தை அழைத்துவிட வேண்டும். கூப்பிட்டனுப்பும் வரை காத்திருந்தால் அவர் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். தாமே போனால் விளக்கம் கொடுக்கிறார். போகும்போது பேச்சின் முழு எழுத்து வடிவம் கையில் இருக்க வேண்டும். 'சூழலிலிருந்து பிரித்து எடுக்கப்பட்டது' என்று சொல்வதானால் அந்தச் சூழல் எது என்று காட்டத் தெரிய வேண்டுமே! காணொளி எல்லோர் கையிலும் இருக்கும் காலத்தில் வெறுமனே அப்படிச் சொல்வது இரண்டாவது அவமதிப்பு.

அடுத்தது அறிக்கை. 'எங்கள் கொள்கையில் மாற்றமில்லை' என்ற வரி மட்டும் போதாது. கொள்கை எது என்பதை அந்த நிலப்பகுதியின் பெயரோடு, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட சொற்களிலேயே திரும்பச் சொல்ல வேண்டும். பழைய வாசகத்தில் ஒரு அடைமொழி விடுபட்டாலும் 'ஏன் விட்டார்கள்?' என்று அடுத்த ஆராய்ச்சி தொடங்கிவிடும். கையெழுத்திடுபவர் முரணாகப் பேசியவரைவிட மேலிடத்தில் இருப்பதும் அவசியம். துறைச் செயலர் பேசியதை இணைச் செயலர் மறுத்தால் யார் பொருட்படுத்துவார்? விசாரணை முடியட்டும் என்று அறிக்கையை நிறுத்திவைப்பது எல்லாவற்றிலும் மோசம். விசாரணை அதிகாரியைப் பற்றியது. அறிக்கை கொள்கையைப் பற்றியது. ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்கத் தேவையில்லை.

2023 ஏப்ரலில் பிரான்சிலிருந்த சீனத் தூதர் லு ஷாயே, முன்னாள் சோவியத் நாடுகளின் இறையாண்மைக்குப் பன்னாட்டுச் சட்டத்தில் உறுதியான தகுதி இல்லை என்ற பொருளில் தொலைக்காட்சியில் பேசினார். லிதுவேனியா, லாட்வியா, எஸ்தோனியா மூன்றும் சீனப் பிரதிநிதிகளை வரவழைத்தன. அந்த நாடுகளின் இறையாண்மையை மதிக்கிறோம் என்று பெய்ஜிங் அறிவித்தது. தூதர் சொன்னது தனிப்பட்ட கருத்து என்று தூதரகம் கூறியது. சொற்களில் குறையில்லை. ஆனால் அவர் பதவியில் நீடித்தார். 2025இல் ஐரோப்பிய விவகாரங்களுக்கான சிறப்புப் பிரதிநிதியாகவும் ஆனார். அறிக்கையை ஒரு தரம் படிப்பவர்கள், அதன் பின் நடக்கும் நியமனங்களை இரண்டு தரம் படிக்கிறார்கள்.

பேச்சுவார்த்தையே சிதைந்துபோன கதையும் உண்டு. 1950 டிசம்பர் 6 அன்று, வெளியுறவு பற்றிய பொது அறிக்கைகளை முன்கூட்டியே காட்டி ஒப்புதல் பெற வேண்டும் என்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் உத்தரவிட்டிருந்தார். 1951 மார்ச்சில் கொரியப் போர்நிறுத்தத்துக்கான அறிவிப்பு தயாராகி, படை அனுப்பிய நாடுகளோடு கலந்து பேசப்பட்டுக்கொண்டிருந்தது. இதை அறிந்திருந்தும் அங்கிருந்த படைகளின் தளபதி மெக்ஆர்தர் மார்ச் 24 அன்று, எதிர்த்தரப்பில் போரிட்ட சீனாவை மிரட்டும் தொனியில் தாமே ஓர் அறிக்கை விட்டார். ட்ரூமனின் அறிவிப்பு கைவிடப்பட்டது. ஏப்ரல் 11 அன்று தளபதி நீக்கப்பட்டார். நேச நாடுகள் சரிபார்த்துக்கொண்டிருந்த வாசகமும் அதற்குச் செலவழித்த நாட்களும் வீணாயின.

தண்டிக்கும் முறையும் கெடுதல் செய்யும். 1987 ஜனவரியில், பிரதமர் ராஜீவ் காந்தியின் பாகிஸ்தான் பயணம் பற்றி வெளியுறவுச் செயலர் வெங்கடேஸ்வரன் சொன்னதைச் செய்தியாளர் ஒருவர் சுட்டிக்காட்டியபோது, விரைவில் புதிய செயலரிடம் பேசுவீர்கள் என்று பிரதமர் மேடையிலேயே கூறிவிட்டார். செயலர் பதவி விலகினார். பயணம் உண்டா இல்லையா என்ற செய்தி பின்னுக்குப் போய், செயலர் அவமதிக்கப்பட்டதே தலைப்புச் செய்தியானது. கொள்கையை மேடையிலும் அதிகாரியை அறைக்குள்ளும் கையாண்டிருக்க வேண்டும்.

இதனால் அதிகாரி வாயை மூடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க வெளியுறவுத் துறையில் மாற்றுக் கருத்தை உள்ளுக்குள் எழுதித் தர 1971 முதல் தனி வழி இருக்கிறது. ஈரான் பிணைக்கைதிகளை மீட்கும் படை நடவடிக்கையை எதிர்த்த அமெரிக்க வெளியுறவு அமைச்சர் சைரஸ் வான்ஸ், 1980 ஏப்ரலில் அது தொடங்கும் முன்பே விலகல் கடிதம் கொடுத்துவிட்டு, அது முடிந்த பிறகே வெளியே சொன்னார். இராக் போரை ஏற்காத பிரிட்டிஷ் வெளியுறவுத் துறைத் துணைச் சட்ட ஆலோசகர் எலிசபெத் வில்ம்ஸ்ஹர்ஸ்ட் 2003 மார்ச்சில் விலகினார். பதவியின் கனத்தை வைத்துக்கொண்டே பதவியின் கடமையை உதறியவர்கள் அல்லர் இவர்கள். இவர்களிடம் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

பேச்சு தடம் புரள்வது பெரும்பாலும் உரையில் இல்லை, கேள்வி நேரத்தில்தான். உரை பலர் பார்த்துத் திருத்தியது; பதிலோ அந்த நொடியில் வருவது. கூட்டம் பதிவாகிறதா, பெயர் சொல்லி மேற்கோள் காட்டலாமா என்பதை ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வதும், 'அது வெளியுறவு அமைச்சகம் சொல்ல வேண்டிய பதில்' என்ற வாக்கியத்தைச் சொல்லப் பழகுவதும் ஒவ்வொரு பயணத்துக்கும் முன் செய்ய வேண்டியவை.

தங்கள் இதழுக்கு ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய செய்தி வரும்போது, பேசியவரின் பதவி, அது எழுதிவைத்த உரையா கேள்விக்குப் பதிலா, மறுப்பு வெளியிட்டவர் யார், அந்த மறுப்பில் கொள்கை வாசகம் திரும்பச் சொல்லப்பட்டதா என்ற நான்கையும் செய்தியோடு சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்