முழங்கால் ஊன்றியவரைக் கோழை என்றவர்களுக்கு

குத்துச்சண்டை வர்ணனை மேசையில் அமரும் முன்னாள் வீரர்களுக்கு,

வணக்கம். நான் குத்துச்சண்டை மேடையில் ஒருநாளும் ஏறியவன் இல்லை. விடியாத நேரத்தில் அலாரம் வைத்து எழுந்து லண்டன் சண்டைகளைப் பார்க்கிற ஆள், அவ்வளவுதான். "ஒரு குத்து வாங்கிப் பார், அப்புறம் பேசு" என்று நீங்கள் என்னிடம் சொல்லலாம். ஆயிரம் குத்து வாங்கிய நீங்களே, முழங்காலை ஊன்றிச் சண்டையை முடித்துக்கொண்ட ஒருவரைப் பார்த்து 'கோழை' என்ற சொல்லை எடுத்ததுதான் எனக்கு உறுத்துகிறது.

2020 நவம்பர் 28. கொரோனா காலம். வெஸ்ட்மின்ஸ்டர் சர்ச் ஹவுஸ் மண்டபத்தில் பார்வையாளர்களே கிடையாது. பிரிட்டனின் ஹெவிவெயிட் வீரர் டேனியல் டுபுவாவுக்கு 23 வயது, அதுவரை தோல்வி அறியாதவர். எதிரே இன்னொரு பிரிட்டிஷ் வீரர் ஜோ ஜாய்ஸ். அவருடைய இடதுகை ஜாப், அதாவது கையை நேராக நீட்டி விடும் குத்து, ரவுண்டுக்கு ரவுண்டு டுபுவாவின் இடது கண்ணிலேயே இறங்கிக்கொண்டிருந்தது. கண் வீங்கி மூடிப்போனது. பத்தாவது ரவுண்டில் இன்னொரு ஜாப். டுபுவா முழங்காலை ஊன்றினார். நடுவர் பத்து எண்ணி முடித்தார், அத்தோடு தோல்வி. கண்குழி எலும்பு உடைந்திருந்தது என்ற செய்தி பிறகுதான் வந்தது. அதற்கு முன்பே உங்களில் சிலர் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது: விட்டுக்கொடுத்துவிட்டான்.

இனி 2023 ஏப்ரலுக்கு வாருங்கள். அதே ஜாய்ஸ், அதே லண்டன். இம்முறை சீனத்தின் ஜாங் ஜிலெய் அவருடைய வலது கண்ணைப் பதம்பார்த்தார். ஆறாவது ரவுண்டில் மருத்துவர் கண்ணைப் பார்த்தார், சண்டை நின்றது. ஜாய்ஸைக் கோழை என்று யாராவது சொன்னீர்களா? இல்லை. சொல்லவும் கூடாது. ஆனால் மருத்துவர் நிறுத்தினால் அது காயம், காயம்பட்டவரே நிறுத்தினால் அது கோழைத்தனம் என்பது என்ன கணக்கு? அந்தக் கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று அரங்கிலேயே நன்றாகத் தெரிந்தவர் அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரர்தானே?

எங்கள் ஊரிலும் இந்த நோய் பழையதுதான். வெண்ணிப் போரில் கரிகாலன் எறிந்த வேல் சேரமான் பெருஞ்சேரலாதனின் மார்பில் பாய்ந்து முதுகில் வெளியேறியது என்பார்கள். ஓடியவன் அல்லன். ஆனாலும் முதுகில் புண் வந்துவிட்டதே என்று நாணி, வடக்கிருந்து உயிரை விட்டான். பள்ளியில் படித்தபோது சிலிர்த்தது. இப்போது யோசித்தால், ஒரு புண்ணுக்கு ஊர் வைத்த பெயருக்காக ஒரு மனிதன் பட்டினி கிடந்து செத்திருக்கிறான்.

அமெரிக்க வீரர் ஜெரால்டு மக்லெலன் உங்களுக்கு நினைவிருக்கும். 1995 பிப்ரவரியில், லண்டனில் நைஜல் பென்னுடன் மோதும்போது, பத்தாவது ரவுண்டில் முழங்காலை ஊன்றினார். கண்களைச் சிமிட்டிக்கொண்டே இருந்தார். சற்று நேரத்தில் தன் மூலையிலேயே சரிந்தார். மூளையில் இரத்தம் உறைந்திருந்தது. அறுவை சிகிச்சையில் உயிர் மிஞ்சியது, பார்வை போய்விட்டது. முழங்கால் ஊன்றும் வீரரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது அந்தச் சிமிட்டல்தான். உங்களுக்கு ஏன் வருவதில்லை?

டுபுவா கோழை என்ற அந்தப் பெயரைச் சுமந்துகொண்டேதான் மீண்டும் மேடை ஏறினார். 2022 டிசம்பரில் கெவின் லெரேனாவுடன் முதல் ரவுண்டிலேயே மூன்று முறை கீழே போனார். முழங்காலில் காயம், சரியாக நிற்கவே முடியவில்லை. எழுந்து, மூன்றாவது ரவுண்டில் வென்றார். எல்லோரும் மெச்சினார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தப் பழைய சொல் இல்லாதிருந்தால் அந்தக் காலோடு அவர் தொடர்ந்திருப்பாரா என்று இன்றும் சந்தேகம். அடுத்த ஆண்டு போலந்தில் உக்ரைன் வீரர் உசிக்கிடம் ஒன்பதாவது ரவுண்டில் விழுந்தார். பழைய சொல் மறுபடி வெளியே வந்தது. அதன்பின் மில்லர், ஹர்கோவிச் இருவரையும் நிறுத்தினார். 2024 செப்டம்பர் 21 அன்று, வெம்ப்ளியில் 90,000 பேருக்கு மேல் பார்க்க, அந்தோணி ஜோஷுவாவை ஐந்தாவது ரவுண்டில் வீழ்த்தினார். அன்று விடியற்காலை நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

அந்த வெற்றியை வைத்து நான் வாதாடவில்லை. 2025 ஜூலையில் உசிக்கிடம் ஐந்தாவது ரவுண்டில் மறுபடி தோற்றார். ஒருவேளை 2020க்குப் பிறகு அவர் கையுறையைக் கழற்றி மாட்டிவிட்டு வேறு வேலைக்குப் போயிருந்தாலும், அன்று முழங்காலை ஊன்றியது சரிதான். பனாமாவின் ராபர்ட்டோ துரானைப் பாருங்கள். 1980இல் சுகர் ரே லெனர்டுடன் எட்டாவது ரவுண்டில் சண்டையைத் தொடராமல் முதுகைத் திருப்பிக்கொண்டார். மூன்று ஆண்டில் டேவி மூரை அடித்துப் பட்டம் வாங்கினார், 37 வயதில் பார்க்லியையும் வென்றார். இன்றும் பேச்செடுத்தால் அந்த எட்டாவது ரவுண்டில்தான் தொடங்குகிறீர்கள்.

விமர்சிக்க வேண்டாம் என்று கேட்கவில்லை. ஜாப் ஏன் தடுக்கப்படவில்லை, அவருடைய மூலையிலிருந்து ஏன் யாரும் சண்டையை நிறுத்தச் சொல்லித் துண்டை வீசவில்லை, அந்தக் கண்ணை ஏன் முன்பே ஒருவரும் கவனிக்கவில்லை என்று பேசுங்கள். ஒரு வீரர் முழங்காலை ஊன்றினால் மட்டும், மருத்துவர் அவரிடம் போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை அவருடைய நெஞ்சுரத்தைப் பற்றி மைக்கில் எதுவும் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
விடியற்காலை ரசிகன் ஒருவன்