சார்லஸுக்கு: டெனர் பார்ட் பழகுவது பற்றி

அன்புள்ள சார்லஸ்,

மூன்று மாதமாகப் பதில் போடாதது தப்புதான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. லில்லி அக்கா மகளுக்குத் தேதி குறித்தாயிற்று. மற்றதெல்லாம் அடுத்த கடிதத்தில். உன் வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

லண்டனில் உன் பங்குக் கொயர் பாஸ்கா திருவிழிப்புக்கு (ஈஸ்டர் இரவு வழிபாட்டுக்கு) பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியர் பலெஸ்த்ரினாவின் 'சீகுத் செர்வுஸ்' என்ற லத்தீன் பாட்டைப் பாடுகிறது, நீ டெனர் (ஆண்களில் மேல்குரல்), தினமும் யூடியூபில் கேட்டுப் பழகுகிறாய். ரொம்ப சந்தோஷம். ஆனால் அந்தக் கேட்டுப் பழகுவதை மட்டும் இன்றோடு நிறுத்து.

நாலு குரலும் ஒரே மெட்டை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டு போகும் பாட்டு இது. பெரிய கோவிலில் பதிவு செய்ததில் காதில் முதலில் விழுவது எல்லாவற்றுக்கும் மேல்குரலான சொப்ரானோதான். நடுவே ஓடும் டெனர் எதிரொலியில் கரைந்துபோகும். பத்து நாள் கேட்டபின் நீ முணுமுணுப்பது உன் பார்ட்டாக இருக்காது, சொப்ரானோவை ஒரு ஸ்தாயி இறக்கிப் பாடிக்கொண்டிருப்பாய். சுருதியும் குழுவுக்குக் குழு மாறும். அந்தக் காலத்தில் 440 ஹெர்ட்ஸ் என்று நிலையான சுருதி கிடையாது, அதனால் ஏற்றிப் பாடுவதும் இறக்கிப் பாடுவதும் தப்பில்லை. ஆனால் உன் தொண்டை வேறு சுருதியில் ஊறிவிட்டால் ஒத்திகையில் திணறுவாய். இதில் பெரிய கவலை என்ன தெரியுமா? இந்தப் பாட்டைத் தொடங்குவதே டெனர்தான். பிறகுதான் ஆல்டோ (சொப்ரானோவுக்கு அடுத்த குரல்), சொப்ரானோ, கடைசியில் பேஸ் (அடிக்குரல்). சாய்ந்துகொள்ள உனக்கு முன்னால் ஒரு குரலும் இல்லை.

முதலில் உங்கள் டைரக்டரிடம் எந்தப் பதிப்பு என்று கேள். சிபிடிஎல் என்ற கொயர் இசை இணைய நூலகத்தில் இருந்து எடுத்ததாக இருந்தால் ஸ்கோரின் (இசைத்தாளின்) அடியில் ஒரு எண் இருக்கும். அந்த நூலகம் 1998இலிருந்து நடக்கிறது, பதிப்புக்குப் பதிப்பு தனி எண் கொடுக்கிறார்கள். பாட்டின் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் பல பதிப்புகள் வந்து நிற்கும். சுருதி வேறாக இருக்கும், சிலதில் 'சித்திவித் அனிமா மேயா' என்று தொடங்கும் இரண்டாம் பகுதியே இருக்காது. எண்ணை வைத்துத்தான் எடுக்க வேண்டும். பிடிஎஃப் பக்கத்திலேயே மென்பொருள் வாசித்து ஒலிக்கக்கூடிய மிடி அல்லது மியூசிக் எக்ஸ்எம்எல் கோப்பு கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

கோப்பை மியூஸ்ஸ்கோர் என்ற இசை எழுதும் மென்பொருளில் திற. இலவசம்தான். இனி ஒவ்வொன்றாகப் பார்.

டெனர் வரியின் தொடக்கத்தில் டிரெபிள் கிளெஃப் குறியின் அடியில் சின்ன 8 இருக்கிறதா? கோப்பு மாறும்போது அது விழுந்துவிட்டால் உன் பார்ட் ஒரு ஸ்தாயி மேலே போய் சொப்ரானோவோடு இடிக்கும்.

அடுத்து வேகம். ஸ்வர நீளங்களை மூல அளவிலேயே அச்சிட்டிருந்தால் மினிம்தான் ஒரு தட்டு. பாதியாகக் குறைத்த பதிப்பில் குரோச்செட், அதாவது மினிமில் பாதி. மென்பொருள் தானாக வைப்பது நிமிடத்துக்கு 120 குரோச்செட். பாதியாக்கிய பதிப்பை அந்த வேகத்தில் போட்டால் தலைதெறிக்க ஓடும். 60க்கு இறக்கு, முதல் வாரம் 45 போதும்.

எல்லாரும் கோட்டைவிடும் இடம் இதுதான்: ஸ்வரத்துக்குப் பக்கத்தில் இல்லாமல் தலைக்கு மேலே குட்டியாக ஷார்ப் (அரைச்சுரம் ஏற்றும் குறி), ஃபிளாட் (இறக்கும் குறி) போட்டிருப்பார்கள். அது பதிப்பாசிரியர் சேர்த்தது, மூலத்தில் இருக்காது. அந்தக் காலப் பாடகர்கள் சொல்லாமலே சேர்த்துப் பாடிய அரைச்சுரம். பல கோப்புகளில் அது வெறும் எழுத்தாகத்தான் நிற்கும், ஒலிக்காது. அப்படியே பழகினால் வாக்கியம் முடியும் இடத்திலெல்லாம் அரைச்சுரம் இறங்கிப் பாடுவாய், மற்ற மூன்று குரலும் உன்னைத் திரும்பிப் பார்க்கும். பயிற்சிப் பிரதியில் மட்டும் அதை ஸ்வரத்தின் பக்கத்திலேயே போட்டுவிடு. ஒத்திகையில் டைரக்டர் சிலதை வேண்டாம் என்பார், அதையும் அன்றன்றே திருத்து.

வாத்தியம் பியானோ வேண்டாம். அதன் ஒலி உடனே தேய்ந்துவிடும். இந்தப் பாட்டிலோ பார் கோட்டை (தாளக் கட்டங்களைப் பிரிக்கும் கோட்டை) தாண்டி இழுத்துப் பிடிக்கும் ஸ்வரங்கள்தான் உயிர். நீ பிடித்துக்கொண்டே இருக்க, அடியில் பேஸ் நகர்ந்து உன்னை உரசும், அதற்குப் பிறகுதான் நீ ஒரு படி இறங்க வேண்டும். பியானோவில் அந்த உரசலே கேட்காது, சீக்கிரம் விட்டுவிடுவாய். டெனருக்கு கிளாரினெட், மற்ற மூன்றுக்கும் ஆர்கன் வை.

தொடக்கத்தில் ஒரு பார் கூட்டி உன் முதல் ஸ்வரத்தை மட்டும் அதில் போடு. எஃப் சுருதிப் பதிப்பென்றால் அது எஃப். அந்த பாரை எண்ணிக்கையில் சேராதபடி வைத்துவிடு, இல்லாவிட்டால் "பார் 23" என்று டைரக்டர் சொல்லும்போது நீ வேறு இடத்தில் நிற்பாய்.

இனி எஃப்10 அழுத்தி மிக்ஸரைத் திறந்து மூன்று ட்ராக் எடு. முதலாவதில் டெனர் முழுச் சத்தம், மற்றவை கால்வாசி. இரண்டாவதில் எல்லாம் சமம். மூன்றாவதில் டெனரே கிடையாது. முதலாவதோடு நாலைந்து நாளுக்கு மேல் இருக்காதே, அது ஊன்றுகோல். மூன்றாவதுதான் பரீட்சை. ரெஸ்ட்டை (நீ பாடாமல் நிற்கும் இடத்தை) விரல் விட்டு எண்ணாதே. நீ நுழைவதற்கு முன் எந்தக் குரல் எந்தச் சொல்லைப் பாடுகிறது என்று பென்சிலால் ஸ்கோரில் குறித்துவை. கோவிலில் அதுதான் கைகொடுக்கும்.

மெஷினால் முடியாதது இரண்டு. ஒன்று, சொல். பாட்டில் வரும் 'தெஸீதெரத்' என்ற லத்தீன் சொல்லில் அழுத்தம் 'ஸீ'யில். பார் கோடு எங்கே விழுந்தாலும் அந்த அழுத்தம் நகராது. முதலில் ட்ராக்கைப் போட்டுவிட்டு வரியைப் பாடாமல் தாளத்தோடு வாசி. நமக்குத் தெரிந்த 42ஆம் திருப்பாடல்தான், மானும் நீரோடையும். பொருள் தெரிந்து வாசித்தாலே அழுத்தம் தானாக வந்து உட்காரும். இன்னொன்று, சுருதிச் சுத்தம். மெஷின் பியானோ சுருதியில் ஒலிக்கும். மேஜர் கார்டின் மூன்றாம் ஸ்வரம் அதில் சுத்த சுருதியைவிட ஏறக்குறைய 14 சென்ட் (ஒரு அரைச்சுரம் நூறு சென்ட்) தூக்கலாக இருக்கும். அந்த ஸ்வரம் உன் கையில் வரும்போது ட்ராக்கோடு ஒட்டாமல், இழை அளவு தணித்துப் பாடு. கோவிலில் கார்டு திடீரென்று அசையாமல் நிற்கும், அப்போது உனக்கே தெரியும்.

பெரிய குழுக்களின் ரெக்கார்டிங் எல்லாம் இதற்குப் பிறகு கேள். எங்கே மூச்சு எடுக்கிறார்கள், வாக்கியத்தை எப்படி முடிக்கிறார்கள் என்று மட்டும் கவனி.

சார்லஸ், ஒன்று சொல்லட்டுமா. நமக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த மாஸ்டருக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. நீ இதைப் பாடப்போகிறாய் என்று அவருக்கு எழுதிக் காட்டினேன். "டெனர்தானே முதல்ல?" என்று மட்டும் கேட்டார்.

ஸ்கோர் எண்ணை அனுப்பு. பிடிஎஃப் மட்டும்தான் இருக்கிறது என்றாலும் பரவாயில்லை, தட்டச்சு செய்து மூன்று ட்ராக்கையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
ஸ்டீபன்